எட்டுப் படங்களில் ஒரு நடை

திரையிலே ஒரு மனிதன் நடப்பதைக் கண் உண்மையென்று நம்புவதற்கு, விநாடி ஒன்றுக்கு 24 படங்கள் ஓடவேண்டும் என்பது சினிமாவின் அடிப்படைக் கணக்கு. அந்த 24 படங்களையும் கருவி தானே பிடித்துக்கொள்ளுமாயின் தொல்லையில்லை. கையால் வரைந்து ஓட்டவேண்டுமென்றால், மூன்று நிமிடக் கதைக்கு 4,320 சித்திரங்கள் வேண்டும். சித்திரத் தாள் ஒன்றின் விலையை இருமுறை எண்ணிப் பார்த்து வாங்கும் உக்குவளைப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், அவர்கள் முதலில் சிரிப்பார்கள்; பிறகு வேறு விளையாட்டைத் தேடிப் போவார்கள். எம் பாடசாலைத் தமிழ் மன்றத்துப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்தார்கள், ஆனால் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதைச் சொல்லப் புகின் யப்பானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

உக்குவளையை அறியாதார்க்கு ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் திறந்த புகையிரதப் பாதையிலே, மாத்தளையை எட்டுமுன் வரும் சிற்றூர் இது. மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் இறப்பரும் விளையும் பூமி. பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர், ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே மலையைக் குடைந்து வந்து, 1976 முதல் இங்குள்ள நிலையத்தில் மின்சாரம் பிறப்பித்துவிட்டுச் சுது கங்கையில் கலக்கிறது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் பிறக்கும் இடத்திலே, எம் மன்றம் கூடும் அறைக்கு ஒரேயொரு மின்குமிழ்தான் உண்டு. அதன் கீழே தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும், சில்லறைக் கடைக்காரரின் பிள்ளைகளும், வாசனைப் பொருட் தோட்டங்களில் கூலிக்குப் போவோரின் பிள்ளைகளும், தமிழரும் முஸ்லிம்களுமாகப் பதினெட்டுப் பேர் அமர்ந்திருப்பார்கள்.

இவர்களுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. பிரதேச வரலாறு ஒன்றைப் பிள்ளைகள் தாமே தேடி, தாமே ஒரு வடிவத்தில் வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. வழக்கமாக என்ன நடக்கும்? பழைய நூலிலிருந்து நாலு பக்கத்தைப் பார்த்தெழுதி, அட்டையிலே கோயிற் படமொன்றை ஒட்டிக் கொண்டுவருவார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் கையொப்பமிடுவார். அத்துடன் வரலாறு முடிந்துவிடும்.

இம்முறை அப்படி முடியவில்லை. அதற்குக் காரணம் 2023ஆம் ஆண்டு. மலையகத் தமிழர் இந்நாட்டில் கால்வைத்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை வந்தடைந்தது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த ஏழை உழவர்கள் கடலைக் கடந்து, காட்டைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த அதே திசை. ஏறத்தாழ 250 கிலோமீற்றர். அன்று சிறுவர்களாய் வீதியோரம் நின்று அந்த நடையைப் பார்த்த பிள்ளைகள்தான் இப்பொழுது என் முன்னால் இருந்தார்கள். பார்த்தது மனத்திலே கிடந்தது. யார் நடந்தார்கள், எதற்காக நடந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே கிடந்தது.

பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி, தன் அப்பாயி வாய்மொழியாகக் கேட்டதென்று ஒரு செய்தி கொண்டுவந்தாள். “வழியில காலரா வந்து விழுந்தவங்கள எடுத்துப் பொதைக்க நேரமில்லையாம் சேர். எலய ஒடிச்சு மேல போட்டு மூடிட்டு, மத்தவங்க நடந்தாங்களாம்” என்றாள். அறை அமைதியாயிற்று. பார்த்தெழுதிய நாலு பக்கங்களால் இந்த ஒரு வாக்கியத்தைத் தாங்க முடியாது என்பது எனக்கு விளங்கிற்று. பிள்ளைகளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். “இதைப் படமாக எடுத்தால் என்ன?” என்று ஒருவன் கேட்டான். “கார்ட்டூன் படமாக” என்றான் இன்னொருவன். அவர்கள் கைத்தொலைபேசியிலே இராப்பகலாய்ப் பார்ப்பது யப்பானியக் கார்ட்டூன்கள். பெரிய கண்களும், காற்றிலே பறக்கும் தலைமயிருமாக, குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் அந்த முகங்களே நிறைந்திருக்கும்.

அந்த முகங்களைக் கண்டு சலிப்படையும் ஆசிரியர்கள் பலருண்டு. பிறநாட்டு மோகம் என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடலாம். ஆனால் பிள்ளை விரும்பும் பொருளை அறியாமலே பழிப்பது கல்வியாகாது. ஆகவே அந்தப் படங்கள் எவ்வாறு பிறந்தன, யார் அவற்றைச் செய்தார்கள், என்ன வசதியோடு செய்தார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் எதிர்பார்த்தது பணக்கார நாடொன்றின் பொறித்திறனை. கிடைத்ததோ இல்லாமையின் சரித்திரம்.

யப்பானில் 1930களின் பொருளாதார மந்தத்தின்போது, வேலையற்ற மனிதர்கள் துவிச்சக்கர வண்டியின் பின்புறம் ஒரு சிறு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போனார்கள். பெட்டியிலே சித்திர அட்டைகள் அடுக்கியிருக்கும். பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்றுவிட்டு, அட்டைகளை ஒவ்வொன்றாய் இழுத்துக் கதை சொல்வார்கள். அதற்குக் கமிஷிபாய், அதாவது கடதாசி நாடகம், என்று பெயர். 1953இல் அந்நாட்டில் தொலைக்காட்சி வந்தபோது, மக்கள் அதனை மின்சாரக் கடதாசி நாடகம் என்றே அழைத்தார்கள். அசையாத படத்தையும் அசைகின்ற குரலையும் கொண்டு கதை சொல்லும் பழக்கம் அவர்களின் கண்ணுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. நம் தோற்பாவைக்கூத்தும் இதற்குத் தொலைவானதன்று. பதமிட்ட தோலில் வெட்டிய இராமனின் முகம் அசைவதில்லை. அழுவதும் சினப்பதும் கூத்தரின் குரலிலன்றோ இருக்கிறது!

ஓஃபுஜி நொபுரோ என்றொரு கலைஞர் இருந்தார். யப்பானிய வண்ணக் கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டி, துண்டு துண்டாய் நகர்த்தி, 1920களிலேயே படம் பிடித்தவர். பெரிய கூடமில்லை, பரிவாரமில்லை. திமிங்கிலத்தைப் பற்றி 1927இல் எடுத்த சிறு படத்தை, வண்ணக் கண்ணாடித் தாள்களை வெட்டி 1952இல் மீண்டும் எடுத்தார். அது கான் திரைப்பட விழாவிலே பாராட்டுப் பெற்றது. இன்று அந்நாட்டில் அசைவுப் படங்களுக்கு வழங்கப்படும் மதிப்புமிக்க பரிசொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இச்செய்தியைச் சொன்னபோது, மன்றத்திலே தையற் பாடம் எடுக்கும் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கத்தரிக்கோல் அவர்கள் கையிலும் இருந்தது.

ஆனால் எங்கள் கணக்கை மாற்றியவர் வேறொருவர். ஒஸாமு தெஸுக்கா மருத்துவம் கற்றவர், சித்திரக்கதை வரைந்தவர். 1961இல் சொந்தமாக ஒரு படக்கூடத்தைத் தொடங்கி, 1963 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து வாரந்தோறும் அரைமணி நேரம் ‘தெத்ஸுவன் அத்தோமு’ என்ற தொடரை வெளியிட்டார். இயந்திரச் சிறுவன் ஒருவனின் கதை. அமெரிக்காவின் டிஸ்னி முறையிலே வரைந்தால் வாரம் ஒன்றன்று, மாதம் பல போனாலும் ஒரு பகுதி முடியாது. ஆகவே தெஸுக்காவும் கூட்டாளிகளும் சிக்கனத்தையே இலக்கணமாக்கினார்கள். ஒரு சித்திரத்தை மூன்றுமுறை படம்பிடித்தால், விநாடிக்கு 24க்குப் பதில் எட்டுச் சித்திரம் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையட்டும். உடலை மீண்டும் வரையவேண்டாம். ஓடுகிறவனை ஓரிடத்தில் நிறுத்திப் பின்னணியை இழுத்துவிட்டால் அவனே ஓடுவதாய்த் தோன்றும். ஒருமுறை வரைந்த நடையை, பறப்பை, வீழ்ச்சியைப் பத்திரப்படுத்தி வைத்து, வேறு கதையிலும் எடுத்தாளலாம். அமெரிக்கரும் தொலைக்காட்சிக்காக இத்தகைய சுருக்கங்களைக் கையாண்டவர்களே. எனினும் அசையாமை ஒரு குறையாயிராமல் ஒரு மொழியாகவே வளர்ந்தது யப்பானில்தான். ஆழ்ந்த துயரத்தின்போது முகம் உறைந்து நிற்கும். மழை மட்டும் பெய்யும். பார்ப்பவர் நெஞ்சு மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் பிள்ளைகள் கடதாசியை எடுத்துப் பெருக்கத் தொடங்கிவிட்டார்கள். விநாடிக்கு எட்டென்றால் மூன்று நிமிடத்துக்கு 1,440. இன்னும் மலைப்புத்தான். ஆனால் நடை என்பது திரும்பத் திரும்ப வருவது. ஒரு முழு நடையை எட்டுச் சித்திரத்தில் வரைந்துவிட்டால், அதே எட்டையும் சுழற்றிச் சுழற்றி மன்னாரிலிருந்து மாத்தளைவரை நடக்கவிடலாம். இந்த உண்மை விளங்கிய கணத்திலேதான், போகவிருந்த பிள்ளைகள் போகாமல் நின்றார்கள்.

அந்த எட்டுச் சித்திரங்களை வரைந்தவன் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன். வகுப்பிலே பேசமாட்டான், பரீட்சையிலே நடுத்தரம், கையிலே பென்சிலைக் கொடுத்தால் வேறு மனிதன். முதலில் அவனும் யப்பானியக் கதாநாயகனைப்போல ஒரு நடையை வரைந்து வந்தான். மார்பு நிமிர்ந்து, கால் தரையிற் படாதவாறு துள்ளும் நடை. “இப்படி நடப்பவர் யார்? எங்கே பார்த்தாய்?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறு எட்டுத் தாள்கள் வந்தன. ஒரு தோள் தாழ்ந்து, முழங்கால் சற்றே மடிந்து, பாதம் முழுதும் ஒரேயடியாய் நிலத்திற் பதியும் நடை. சுமை தூக்கிப் பழகிய உடம்பு வெறுங்கையோடு நடந்தாலும் அப்படித்தான் நடக்கும். எல்லோரும் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார்கள். அது தோட்டத்து நடை.

மற்றப் பிள்ளைகள் அந்த எட்டையும் சன்னற் கண்ணாடியிலே பிடித்துப் படியெடுத்தார்கள். ஏழு பேரை நடக்கவிடுவதென்று தீர்மானமாயிற்று. தலையிலே மூட்டையுடன் ஒருவர், இடுப்பிலே குழந்தையுடன் ஒருத்தி, கோலூன்றிய கிழவர், சிறுவன் ஒருவன், இப்படி ஏழு. ஏழெட்டு 56 உருவங்கள். அவற்றை வெட்டியெடுத்து இலக்கமிட்டுப் பழைய பிஸ்கற் தகரமொன்றில் அடுக்கினார்கள். எல்லோரையும் முதற்படத்திலிருந்தே தொடங்கினால் பட்டாள அணிவகுப்பாகிவிடுமென்று கண்டு, ஒருவரை முதலாவதிலும் அடுத்தவரை நான்காவதிலும் மற்றவரை ஏழாவதிலுமாகத் தொடங்கினார்கள். உடனே படைவீரர் மறைந்து பாமர மக்கள் தோன்றினார்கள். கலையிலே மனிதத்தன்மை என்று நாம் மேடையிற் பேசுவது, சிலவேளை இவ்வளவு சிறிய ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

பழைய கலண்டர்த் தாள்களின் வெறும்பக்கத்தை ஒட்டி மூன்று மீற்றர் நீளமான பின்னணிப் பட்டை ஒன்று செய்தார்கள். கடலோரத்து மணல், பற்றைக்காடு, குளக்கரை, பின் மெல்லமெல்ல உயரும் மலை. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து மில்லிமீற்றர் இழுத்தால் 600 இழுப்பு. 75 விநாடிக் காட்சி. இரண்டு பழைய கண்ணாடித் தகடுகளைச் செங்கல்லின்மேல் அடுக்கி, மேற்தகட்டிலே மரக்கிளைகளையும் கீழ்த்தகட்டிலே மனிதரையும் வைத்தபோது, கடதாசிக் காட்டுக்கு ஆழம் வந்துவிட்டது. கவிழ்த்த வாங்கு ஒன்றின் இரு காலுக்கிடையே தடியொன்றைக் கட்டி, அதிலே ஒரு கைத்தொலைபேசியைப் பொருத்தினோம். மேகம் வந்தால் படத்தின் வெளிச்சம் மாறுகிறதென்று சன்னல்களை அடைத்துவிட்டு, அந்த ஒற்றை மின்குமிழையே சூரியனாக்கிக்கொண்டோம். மின்வெட்டு வந்த மாலைகளில் சூரியனும் அஸ்தமித்தது.

எல்லாவற்றுக்கும் மேலான சிக்கல் மரணம். வழியிலே விழுந்தவர்களை எப்படிக் காட்டுவது? ஒருவர் தள்ளாடி, மடிந்து, சாய்ந்து, கிடப்பதை வரைவதென்றால் புதிதாய் எத்தனை சித்திரங்கள்! கையிலே தாளுமில்லை, தவணையிலே நாளுமில்லை. இரண்டு நாள் வாதம் நடந்தது. இறுதியில் அப்பாயியின் கதையைக் கொண்டுவந்த அந்த மாணவி சொன்னாள்: “அவங்க சாவுறத வரைய வேணாம் சேர். ஆள மட்டும் எடுத்துட்டு, எடத்த அப்படியே வுட்டுருவோம். மத்தவங்க அந்த எடத்த நெரப்பாம நடக்கட்டும்.”

அப்படியே செய்தார்கள். ஏழு பேர் நடக்கிறார்கள். காட்டின் நடுவே மேற்தகட்டுக் கிளையொன்று குறுக்கே வந்து போகிறது. போனபின் ஆறு பேர்தான் இருக்கிறார்கள். மூன்றாமவர் நடந்த இடம் வெறுமையாய், ஆனால் அதே வேகத்தில், அதே இடைவெளியுடன் கூடவே நடந்து வருகிறது. பின்னர் இன்னோர் இடம். குழந்தையைச் சுமந்தவள் நடக்கிறாள், குழந்தை இல்லை, இடுப்பை அணைத்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்காக எட்டுச் சித்திரங்களைப் புதிதாய் வரையச் சம்மதித்தார்கள், வேறெதற்கும் சம்மதிக்கவில்லை. மாத்தளையில் ஒரு மரத்தடியை வந்தடையும்போது எஞ்சியவர் மூவர். அசைவுப்பட மேதை மியாஸாக்கி ஹயாஓ, கைதட்டலுக்கும் கைதட்டலுக்கும் இடையேயுள்ள மௌனத்துக்கு யப்பானியர் ‘மா’ என்று பெயரிட்டிருப்பதை ஒரு பேட்டியிலே விளக்கியிருக்கிறார். இப்பிள்ளைகள் அந்தச் சொல்லை அறியார். இல்லாமை அவர்களை அவ்விடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவ்விடத்தில் வாசகர் என்னை மடக்கக்கூடும். இல்லாமையை இப்படிப் புகழ்ந்தால், பாடசாலைகளுக்கு ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை என்று கொடுக்கவேண்டியவர்கள் சொல்லிவிட மாட்டார்களா? சொல்வார்கள். ஆகவே யப்பானின் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். தெஸுக்கா தம் தொடரைச் செலவுக்கும் குறைந்த விலையில் விற்றார். அந்தக் குறைந்த விலை தொழிலின் பொதுவிலையாகி, வரைவோரின் கூலியை நசுக்கிற்று என்று பிற்காலத்தில் மியாஸாக்கியே குற்றஞ் சாட்டியிருக்கிறார். தெஸுக்காவின் படக்கூடம் 1973இல் முறிந்துபோனது. இன்றும் அந்நாட்டிலே இடைச்சித்திரம் வரையும் இளைஞர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சித்திரம் ஒன்றுக்குச் சில நூறு யென் என்ற கணக்கில் கூலி. உலகமெங்கும் கோடிக்கணக்கான பணம் புரளும் தொழிலின் அடித்தட்டு இது.

துண்டுக் கணக்கிலே கூலி என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு அகராதி பார்த்து விளக்கவேண்டியதில்லை. நிறுவையிலே கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மழையிலே பால் கரைந்தால் அன்றைய பாடு வீண். “அங்கயும் அரைப்பேர் போடுவாங்களா சேர்?” என்று ஒருத்தி கேட்டபோது, தூர தேசத்துக் கலைஞர் எங்கள் லயத்துக்கு அயல்வீட்டாராகிவிட்டார்.

அவ்வயலார் அடங்கியே கிடந்தவருமல்லர். தொயேய் என்னும் பெரும் படக்கூடத்திலே 1960களில் தொழிற்சங்கம் வலுவாயிருந்தது. அதன் உபதலைவர் தக்காஹாத்தா இஸாஓ. செயலாளர் இளைஞர் மியாஸாக்கி. சங்கத்திலே ஒன்றுகூடிய அத்தோழர்கள்தாம் 1968இல் ஹோல்ஸ் என்னும் சிறுவனின் கதையைப் படமாக்கினார்கள். ஒரு கிராமத்து மக்கள் ஒன்றுபட்டுத் தம் பகையை வெல்லும் கதை. படக்கூடத்துக்கு அது வருவாய் தரவில்லை. ஆனால் கார்ட்டூன் என்பது குழந்தையைச் சிரிக்கவைக்கும் பண்டம் மட்டுமன்று, வாழ்வைப் பேசவல்ல கலை என்று நாட்டினார்கள். அதே தக்காஹாத்தா, 1988இல், போரின் இறுதியிலே கோபே நகரில் பசியால் மடியும் அண்ணனையும் தங்கையையும் ‘மின்மினிகளின் கல்லறை’யிலே காட்டினார். அந்தப் படத்தை மன்றத்திலே பார்த்தபோது, போரை நேரிற் காணாத எங்கள் பிள்ளைகள், வடக்கிலிருந்து வந்து எம்மிடையே வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் அப்பெயரைச் சொல்லவில்லை.

கலை நுட்பம் தானாகவே நல்லதென்று எண்ணிவிடவும் கூடாது. அதே யப்பானிலே 1945இல், கடற்படை அமைச்சின் கட்டளைப்படி, மொமொத்தாரோ என்னும் நாட்டுப்புறச் சிறுவனைப் படைத்தலைவனாக்கி ஒரு முழுநீள அசைவுப்படம் எடுத்தார்கள். ஆசிய மக்களை விடுவிக்க வந்தவர் யப்பானியப் படையினர் என்று அழகிய சித்திரங்களாலே பொய் சொன்னார்கள். மலர் மலர்வதையும் நிழல் அசைவதையும் வரைந்த கை வெகு நேர்த்தியான கை. நேர்த்தியால் என்ன பயன்? ஆகவே எவ்வாறு வரைவது என்பதைக் கற்ற பிள்ளை, எதற்காக வரைவது என்பதையும் கற்கவேண்டும்.

இந்தக் கேள்வி புது உருவத்தில் எங்கள் அறைக்குள்ளேயே வந்தது. 2025 மார்ச் மாதம், எந்தப் புகைப்படத்தையும் மியாஸாக்கியின் படக்கூடமான கிப்லியின் பாணியிலே நொடியில் மாற்றித்தரும் கணினி வசதியொன்று உலகெங்கும் பரவியது நினைவிருக்கும். ஒரு மாணவன் தன் அப்பாயியின் படத்தை அவ்வாறு மாற்றிக் கொண்டுவந்தான். “இதுல ஒரு விநாடிக்கு ஒரு படம் வருது சேர். நாம ஏன் கஷ்டப்படணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி, அதட்டி அடக்கக்கூடியதன்று. படத்தைச் சுவரிலே ஒட்டி எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். கிழவியின் கன்னம் சிவந்திருந்தது. லயத்துச் சுவரின் புகைக்கறை போய் வெள்ளையடித்திருந்தது. பின்னால் ஐரோப்பியப் புல்வெளி. கிழவியின் காதிலே தொங்கிய துளை மறைந்திருந்தது. பாம்படம் போட்டு வளர்த்த காது அது. விரல்கள் மென்மையாய் நீண்டிருந்தன. “இது எங்க அப்பாயி இல்ல” என்று கொண்டுவந்தவனே சொன்னான்.

இயந்திரத்தின்மீது எனக்குப் பகையில்லை. படங்களைக் கோத்து ஓடவிட்டதும் ஓர் இயந்திரந்தானே? ஆனால் அந்த இயந்திரம் கற்றது பிறர் வரைந்த கோடிக்கணக்கான படங்களிலிருந்து; அப்படங்களிலே எங்கள் லயங்கள் இல்லை, எங்கள் நடை இல்லை. வரையப்படாத மக்களை அது அழகாக்கித் தருவதுபோல அழித்துத் தருகிறது. அதுமட்டுமன்று, பாணியைக் கொடுத்த கலைஞர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறது. சித்திரம் ஒன்றுக்கு இவ்வளவென்று கூலிக்கு வரைந்தவரின் உழைப்பு, இப்பொழுது கூலியே இல்லாமற் போகிறது. இதைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள். உழைத்தவர் பெயர் எங்கும் எழுதப்படாத ஒரு நாட்டின் வரலாற்றைத்தானே அவர்கள் படமாக்கிக்கொண்டிருந்தார்கள்?

எட்டுச் சித்திரங்களை வரைந்த மாணவன் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. பதினாறு வயது நிறைந்துவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் அந்த வயதோடு கைவிட்டுவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கோ சில மாதங்களே இருந்தன. கொழும்பிலே ஒரு கடையில் வேலை என்றார்கள். வீட்டுக்குப் போனேன். தந்தையார் இறப்பர்ப் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வாங்க சேர், உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தங்கைகள் இருவர், கடன், தாயாரின் நோய் எல்லாம் கணக்காகச் சொன்னார். என் கணக்கு விநாடிக்கு எட்டு. அவர் கணக்கு நாளுக்கு எத்தனை வயிறு. வாதாடிப் பார்த்தேன். “அவனுக்குப் படிக்கத்தான் ஆச சேர். எனக்கு மட்டும் இல்லியா?” என்றார். அதற்குமேல் ஆசிரியரிடம் என்ன மொழி இருக்கிறது?

அவன் போனான், அவன் வரைந்த நடை எங்கள் தகரப்பெட்டியில் இருந்தது. அவனில்லாமலே பிள்ளைகள் மாதக்கணக்காய் அந்த நடையை நடத்தினார்கள். வரைந்த தாள்கள் மொத்தம் 212. பொத்தானை அழுத்தியது 1,440 தடவை. “இதனால் புள்ளி எத்தனை கிடைக்கும்?” என்று பார்வையிட வந்த ஒருவர் கேட்டார். புள்ளி எதுவும் கிடைக்காதென்று சொன்னோம். படத்தின் முடிவிலே பதினெட்டுப் பெயர்களும் அகரவரிசையில் வந்தன. போனவன் பெயரை எடுத்துவிடலாமா என்ற பேச்சே எழவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா முற்றத்திலே, வெள்ளைச் சீலையொன்றைக் கட்டி, இரவல் வாங்கிய ஒளியெறி கருவியால் படத்தைக் காட்டினோம். மூன்று நிமிடம். பேச்சில்லை, தப்பு மட்டும் மெல்ல ஒலிக்கும். பாதியிலே ஒரு மூதாட்டி எழுந்து, “ஏழு பேரால்ல வந்தாங்க? மத்தவங்க எங்கடி?” என்று பேத்தியை உரக்கக் கேட்டார். பேத்தி பதில் சொல்லவில்லை. கேட்டவருக்கும் தெரிந்திருந்தது. படம் முடிந்த பின் ஒருவரும் கலையவில்லை. ஒருவர் தம் பாட்டனார் சொன்னதைச் சொன்னார். இன்னொருவர் அதைத் திருத்தினார். பெண்கள் ஒப்பாரியிலே கேட்ட ஊர்ப்பெயர்களை நினைவுகூர்ந்தார்கள். பிள்ளைகள் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். செயற்றிட்டத்தின் தொடக்கத்தில் நான் வேண்டிய நாலு பக்க வரலாறு, செயற்றிட்டம் முடிந்த இரவிலே, நாற்பது பக்கமாய்க் கிடைத்தது.

தீபாவளிக்கு அவன் வந்தபோது படத்தைப் பார்த்தான். நண்பர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நல்லா நடக்குறாங்க சேர்” என்றான். பிறகு தயங்கி, “இது எங்க அப்பா நட. வாளி தூக்கிட்டு வர்றத ஒளிஞ்சிருந்து பாத்து வரைஞ்சேன்” என்றான். பரீட்சைக்கு வெளிவாரியாகத் தோற்றுவதற்கு விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எழுதுவான் என்று எண்ணுகிறேன். உறுதி சொல்ல நான் யார்?

பிற பாடசாலைகளிலே பணிபுரியும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். யப்பானியரிடமிருந்து பெரிய கண்ணையும் பறக்கும் மயிரையும் கடன் வாங்கவேண்டியதில்லை. அவற்றைப் பிள்ளைகள் தாமே வாங்கிக்கொள்வார்கள், தாமே விட்டும்விடுவார்கள். நாம் வாங்கவேண்டியது அவர்களின் கணக்கை. குறைந்த கோட்டிலே நிறைந்த பொருளைச் சொல்லும் சிக்கனத்தை. கூடிச் செய்யும் உழைப்பை. அந்த உழைப்புக்குரிய கூலியையும் பெயரையும் கேட்டுப் பெறும் துணிவை. அத்துடன் அரசிடம் கேட்கவேண்டியதை நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கடதாசியில்லாமையால் ஒரு நல்ல படம் பிறக்கலாம். சோறில்லாமையால் ஒரு நல்ல சித்திரக்காரன் கடைச் சிப்பந்தியாகத்தான் போகிறான்.

இவ்வாண்டுப் பிள்ளைகள் மகாவலிச் சுரங்கத்தைப் படமாக்க எண்ணியிருக்கிறார்கள். மலையைக் குடைந்தவர் யார், அத்தண்ணீர் எங்கே போகிறது, வெளிச்சம் யாருக்கு என்பது அவர்களின் கேள்வி. தண்ணீரை வரைவது நடையை வரைவதிலும் கடினம். அது ஒருமுறை ஓடியதுபோல் மறுமுறை ஓடாது. எத்தனை சித்திரங்களில் அதை ஓடவிடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.